நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வியாம்: மகளிர் கால்பந்து அணியைக் கலைத்த கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிச் செயலர், முதல்வர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் மகளிர் கால்பந்து அணி கிடையாது, விளையாட்டு ஒதுக்கீட்டில் கால்பந்து வீராங்கனைகளுக்கு இடமும் கிடையாது என்று நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கை என் கைக்கும் வந்து சேர்ந்தது. காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இந்தப் பருவத்தின் நான்கு ஆட்டங்களில் மூன்றில் தோல்வி, ஆகவே செலவுக்கேற்ற பயன் இல்லை.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் அங்கே படித்தவள், அதே அணிக்கு ஆடியவள். இன்று பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. உங்கள் உடற்கல்வி இயக்குநர் கேட்டுக்கொண்டதால் இந்தப் பருவம் முழுவதும் விடியற்காலையில் வந்து இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. நீங்கள் எண்ணிக் காட்டியிருக்கும் மூன்று தோல்விகளும் எப்படி வந்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை உங்கள் கோப்பில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டி நாக்-அவுட் முறையில் நடந்தது. ஒரு தோல்வி போதும், மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு வென்றோம். இரண்டாவது ஆட்டம் விழுந்த நாளில் இரண்டு துறைகளில் அக மதிப்பீட்டுத் தேர்வு. அட்டவணை கைக்கு வந்த அன்றே உடற்கல்வித் துறையிலிருந்து கடிதம் போனது. தேர்வைத் தள்ளிவைக்கும்படி அதில் கேட்கவில்லை. ஐந்து மாணவிகளுக்கு மட்டும் வேறொரு நாளில் மறுதேர்வு வையுங்கள் என்றுதான் இருந்தது. உடல்நலமில்லை என்று மருத்துவச் சான்றிதழ் கொண்டுவரும் மாணவிக்கு நீங்கள் வழக்கமாகச் செய்து கொடுப்பதுதான் இது. எழுத்தில் பதில் வரவில்லை. வாய்மொழியாக வந்த பதில், "கல்லூரிக்கு வருவது படிக்கத்தான்" என்பது.

பதினைந்து பேர் கொண்ட அணி. ஒருத்தி முழங்காலில் கட்டுடன் விடுதியில் இருந்தாள். ஐந்து பேர் தேர்வறையில். மீதி ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் நடத்தக் கூடாது என்பது கால்பந்து விதி. ஒன்பது பேர் இருந்ததால் நடுவருக்கு ஆட்சேபணை இல்லை. எதிரணிப் பயிற்சியாளரே வந்து, மற்றவர்கள் வரும்வரை கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கான அணிகள் வந்து நின்றுவிட்டதால் ஏற்பாட்டாளர்களால் முடியவில்லை. பின்னால் நான்கு பேர், நடுவில் மூவர், முன்னால் ஒருத்தி, கோல் கம்பத்தில் ஒருத்தி என்று நிறுத்தினேன். முன்னால் நின்றவளுக்குப் பந்து வந்ததே அபூர்வம். எதிரணியின் பின்வரிசையைத் தனியாளாகத் துரத்தித் துரத்தி, அவர்கள் நிதானமாகப் பந்தைக் கடத்த முடியாமல் செய்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. காலை பத்தரை மணி வெயிலில் அதை அவள் கடைசிவரை செய்தாள். தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தபோது அவளால் பேச முடியவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினாள்.

எங்கள் கோல் கீப்பரின் கையுறைகளையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டிலும் உள்ளங்கை ரப்பர் உரிந்து போயிருந்தது. விடுதியில் மின்வேலை செய்தவரிடம் வாங்கிய நீல இன்சுலேஷன் டேப்பை அதன்மேல் சுற்றியிருந்தாள். டேப்பில் பந்து பிடிமானம் கொள்ளாது. அதனால் பிடிக்க வேண்டிய பந்துகளையெல்லாம் குத்திக் குத்தி வெளியே தள்ளினாள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒரு கார்னர். குத்துவதற்குத் தோதில்லாத உயரத்தில் பந்து வந்தது. பிடித்தாள், வழுக்கியது, எதிரில் நின்றவள் காலால் தட்டி உள்ளே தள்ளினாள். நல்ல கையுறை இருந்திருந்தாலும் அந்தப் பந்து நழுவியிருக்கலாம், அதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் புதுக் கையுறை கேட்டு ஜூலையில் அனுப்பிய கோரிக்கைச் சீட்டு இன்னும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல முடியும்.

பூஜ்யத்துக்கு ஒன்று. ஒன்பது பேர் பதினொரு பேரை எதிர்த்து ஆடி ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். ஊரில் வேறு எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இதற்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்திருக்கும். நீங்கள் இதைத் தோல்விக் கணக்கில் முதல் எண்ணாகப் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது தோல்வி ஆடாமலே வந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்று நடத்திய அழைப்புப் போட்டி, ஒரு இரவு தங்க வேண்டும். பெண்கள் அணி வெளியூர் போனால் பெண் அலுவலர் ஒருவர் உடன் போக வேண்டும் என்பது உங்கள் விதி. நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. என் மகள் போவதாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். ஆனால் பெண் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் நான் படித்த காலத்திலிருந்தே காலியாகக் கிடக்கிறது. கல்லூரி முழுவதற்கும் எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே இயக்குநர்தான். வேறு துறைப் பேராசிரியைகள் யாருக்காவது பொறுப்பு கொடுங்கள் என்றால் விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்றார்கள். நான் போகிறேன், என் பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நான் 'வெளியாள்' என்று பதில் வந்தது. காலையில் பயிற்சி கொடுக்க உள்ளாள், மாலையில் பஸ் ஏற வெளியாள். கடைசியில் அணி போகவில்லை, எதிரணிக்கு வாக்-ஓவர் கொடுத்தார்கள். பந்தே உருளாத அந்த ஆட்டத்தை எந்த நியாயத்தில் தோல்விப் பட்டியலில் சேர்த்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது நேர்மையான தோல்வி. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

முழங்காலில் கட்டுப் போட்டிருந்த மாணவியின் கதை உங்கள் சுற்றறிக்கையில் எங்குமே வரவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பஸ்களையும் கார்களையும் கால்பந்து மைதானத்தில் நிறுத்தினீர்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தது. சக்கரம் அழுந்திய பள்ளங்கள் அடுத்த சில நாள் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டன. பெனால்டி கட்டத்தின் இடது மூலையில் இருந்த பள்ளம் கணுக்கால் ஆழம். ரோலர் கேட்டோம். அது கிரிக்கெட் ஆடுகளத்துக்கு மட்டும் என்றார்கள். கடைசியில் மாணவிகளே தோட்டக்காரரிடம் மண்வெட்டி வாங்கி மண் நிரப்பினார்கள், சுண்ணாம்புத் தூளில் கோடும் போட்டார்கள். நிரப்பாமல் விட்டுப்போன ஒரு பள்ளத்தில் எங்கள் நடுக்கள ஆட்டக்காரியின் பூட்ஸ் சிக்கியது. பாதம் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. விளையாட்டுக்காரர்கள் ஏ.சி.எல். என்று பயந்து பயந்து சொல்லும் காயம் அதுதான். ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இது அதிகமாக வருகிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் அறிந்த செய்தி. அதனால்தான் பெண்கள் ஆடும் தரையை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பிடிக்கும். இயக்குநரைத் தவிரக் கல்லூரியிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவளுடைய அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர். கூலியை விட்டுவிட்டு மகளின் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். யார் மேலும் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

இதெல்லாம் முடிந்துபோனவை. இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு வருகிறேன்.

இந்த அணியிலிருந்து இரண்டு பேர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள். பயிற்சி முகாமுக்குப் போனார்கள், பிறகு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போனார்கள். தேர்வு முடிவு வெளியான மறுநாளே கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் எழுந்தது. இருவரும் சீருடையில் நடுவில் நிற்க, சுற்றிலும் நிர்வாகத்தினரின் படங்கள். அந்தப் பேனர் இன்றும் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் பார்க்கிறேன். அதே இருவருக்கும் இந்த ஏப்ரல் பருவத்தேர்வில் வருகைக் குறைவு என்று சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. முகாமும் போட்டியுமாகக் கழிந்த நாட்களை ஆன் டூட்டி, அதாவது கல்லூரி வேலையாக வெளியே போன நாட்கள், என்று பதிந்திருந்தால் இருவருமே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். திரும்பி வந்த மூன்று நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் பங்கேற்புக் கடிதத்தைத் துறையில் கொடுக்க வேண்டுமாம். பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தை அனுப்பியதே அதற்குப் பிறகுதான். உங்கள் கல்லூரிக்காகவும் உங்கள் பல்கலைக்கழகத்துக்காகவும் ஆடப் போனவர்களில் ஒருத்தி, வகுப்பை ஏமாற்றிவிட்டு ஊர் சுற்றியவளைப் போல, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. இன்னொருத்திக்கு ஹால் டிக்கெட்டே இல்லை. அவள் இறுதியாண்டு மாணவி. பேனரில் வலப்பக்கம் நிற்பவள்.

செலவுக்கேற்ற பயன் இல்லை என்கிறீர்கள். என்ன செலவு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் கட்டண ரசீதில் 'விளையாட்டுக் கட்டணம்' என்ற வரிக்குப் பணம் கட்டியவள்தான். இன்று படிக்கும் ஒவ்வொரு மாணவியும், பந்தைக் காலால் தொட்டே பார்க்காதவள்கூட, அதைக் கட்டுகிறாள். அந்தப் பணம் மொத்தம் எவ்வளவு, அதில் கால்பந்துக்கு எவ்வளவு போனது? கையுறை வாங்கவில்லை, வெளியூர் அனுப்பவில்லை, மைதானத்துக்கு ஒரு லாரி மண்கூட அடிக்கவில்லை. வலை போன ஆண்டு வாங்கியது, எலி கடித்த ஓட்டைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் முடிந்திருக்கிறோம். பயனைப் பற்றி என்றால், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர்கள் வாங்கிய விளையாட்டுப் பரிசுகளுக்கென்று ஓர் இடம் உண்டு. முந்தைய மதிப்பீட்டுக் குழு வந்தபோது இந்த அணியின் கோப்பைகளைத் துடைத்து வரவேற்பறையில் அடுக்கியது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்துக்கு என்ன எதிர்காலம் என்று ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருக்குச் சொல்கிறேன். தேசிய அளவில் பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்றிருந்த காலம் உண்டு. 2018-இல் கட்டாக்கில் நடந்த சீனியர் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டு மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவைத் தோற்கடித்து மாநில அணி மறுபடியும் தேசியப் பட்டம் எடுத்தது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகக் கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் பணியில் நின்றவர்.

இப்படிப்பட்டவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பெண்களுக்கான கிளப் போட்டிகள் ஆண்டில் கொஞ்ச காலம்தான் நடக்கும். மற்ற மாதங்களில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பந்து, மைதானம், கூட ஆட இருபது பேர், சாப்பாடு, தங்க இடம் இத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே கிடைப்பது கல்லூரியில் மட்டும்தான். என் பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து நான் தயார் செய்யும் பெண்களுக்கு நான் காட்டும் வழி உங்கள் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீடுதான். கட்டணச் சலுகை இருக்கிறது, விடுதி இருக்கிறது, பட்டம் கிடைக்கும், பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் படிவம் 3 என்ற விளையாட்டுச் சான்றிதழ் கிடைக்கும், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது என்று சொல்லித்தான் அவர்கள் வீட்டில் பேசுகிறேன். மேல்படிப்பே வேண்டாம் என்று நிற்கும் அப்பாக்கள் இந்தக் கணக்கைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதியிருக்கும் இரண்டு பெண்களின் வீட்டில் நான் இப்போது என்ன சொல்வது?

இளநிலைப் பட்டத்தில் ஒருத்திக்குக் கிடைப்பது மூன்று விளையாட்டுப் பருவங்கள். அதில் ஒன்றை அவளிடமிருந்து எடுத்துவிட்டால் பிறகு எந்தத் தீர்மானம் போட்டும் திருப்பித் தர முடியாது. அரியர் எழுதுகிற மாதிரி ஒரு பருவத்தை எழுதித் தேற வழி கிடையாது.

என் கோரிக்கைகளை அவசர வரிசையில் வைக்கிறேன்.

முதலாவதை இந்த வாரமே செய்ய வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆடிய இருவரின் முகாம் நாட்களையும் போட்டி நாட்களையும் ஆன் டூட்டியாகப் பதிந்து, தேர்வு தொடங்குமுன் ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுங்கள். கட்டச் சொன்ன கண்டோனேஷன் கட்டணத்தை ரத்து செய்யுங்கள். இதற்கு ஆட்சிக்குழு கூட வேண்டியதில்லை, முதல்வரின் ஒரு கையெழுத்து போதும்.

அடுத்து, அணியைக் கலைக்கும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் சேர்க்கை தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஒதுக்கீட்டு இடங்களை மறுபடி அறிவித்தாக வேண்டும். ஏற்கெனவே அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்து முதலாம், இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவிகளின் கட்டணச் சலுகையும் விடுதி இடமும் தொடருமா என்பது பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. மற்ற கோரிக்கைகளை நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், படிப்பு முடியும்வரை அவை தொடரும் என்று ஒவ்வொரு மாணவிக்கும் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி உறுதியை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கேயும் போய் நிற்க முடியாது.

பெண் உடற்கல்வி இயக்குநர் பணியிடத்தை நிரப்புங்கள். நிரப்பும்வரை வெளியூர்ப் பயணங்களுக்கு உடன் செல்லக்கூடிய பேராசிரியைகள், முன்னாள் வீராங்கனைகள் பெயர்ப் பட்டியல் ஒன்றுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். என் பெயரைச் சேர்க்க விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்ட நாளில் அக மதிப்பீட்டுத் தேர்வு விழுந்தால் மறுதேர்வு உண்டு என்பதைக் கல்லூரி விதியாகவே எழுதிவையுங்கள். துறைத் தலைவரின் அன்றைய மனநிலையைப் பார்த்து அது மாறக் கூடாது.

காயம்பட்ட மாணவியின் மருத்துவச் செலவையும் இயன்முறை சிகிச்சைச் செலவையும் கல்லூரி ஏற்க வேண்டும். அது உங்கள் மைதானம், உங்கள் விழாவுக்கு வந்த வண்டிகள். இனி அந்த மைதானத்தில் வண்டி நிறுத்தாதீர்கள். ஜூன் மாதத்துக்குள் தரையைச் சமன் செய்து கொடுங்கள்.

கடந்த ஆண்டு வசூலான விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை மாணவிகள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

ஒரு சின்ன விஷயமும் உண்டு, பணம் செலவாகாதது. காலைப் பயிற்சி முடிய ஏழே முக்கால் ஆகிறது. விடுதி மெஸ்ஸை எட்டு மணிக்கு அடைத்துவிடுகிறீர்கள். குளிப்பதா சாப்பிடுவதா என்ற கேள்விக்கு இந்தப் பெண்கள் பெரும்பாலும் குளிப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள், வியர்வையோடு வகுப்பில் உட்கார முடியாதே. எட்டரை வரை பதினைந்து பேருக்கு இட்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் அதைக் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஏப்ரல் தேர்வு தொடங்கும் நாளுக்கு முன்பு உடற்கல்வித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அணியின் முன்னாள் ஆட்டக்காரி, அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை